மார்க்கர் பேசக்கூடாது

ரேடியோவுக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. சலூனைத் திறந்ததும் கண்ணாடியைத் துடைத்தான். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தான். கத்திரிக்கோலுக்கு எண்ணெய் போட்டு வைத்துவிட்டு, எங்கே வைத்தோம் என்று கடை முழுக்கத் தேடினான். முதல் ஆளாக வந்து உட்கார்ந்த தையல்காரர், பாதித் தலை முடிகிற வரைக்கும் பொறுத்துப் பார்த்தார். அப்புறம், "என்னப்பா, இன்னிக்கு ஸ்டேஷனே எடுக்கல?" என்று கேட்டேவிட்டார்.

"சாயங்காலம் மேட்ச் இருக்குண்ணே. ஃபைனல்."

"நீயா ஆடுற?"

"நான் எங்க ஆடுறேன்? மாமா ஆடுறாரு. நான் மார்க்கர்."

தையல்காரர் கண்ணாடி வழியாக அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த மாமா? உன்கூடப் பேசாத மாமாவா?"

"எனக்கு இருக்கிறது ஒரே அக்கா, ஒரே மாமாண்ணே. தலையை ஆட்டாதீங்க, கோடு கோணலாகும்," என்றான் ரேடியோ.

ரேடியோ என்பது கடையில் அவனுக்கு விழுந்த பெயர். முடிவெட்டத் தலையைக் கொடுத்தால் காதையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்வான். யார் வீட்டில் என்ன விசேஷம், எந்தத் தெருவில் குழாய் உடைந்தது, எந்தக் கடைக்காரர் எவரோடு முறுக்கிக்கொண்டு திரிகிறார், எல்லாம் அங்கே ஓசியில் கிடைக்கும். சும்மா சொல்லக்கூடாது, கெட்டவன் இல்லை. பிறத்தியாருக்கு ஒரு கெடுதல் நினைத்தவன் இல்லை. வாயில் ஒன்று தங்காது, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் ஒரு குடும்பத்தையே ரெண்டாக்கிப் போட்டது.

நடந்தது இதுதான். மாமா ஒரு அச்சகத்தில் ஃபோர்மேன். மனுஷன் மெஷின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பக்கம் மை தீர்ந்தது என்று சொல்வார். கூட வேலை பார்த்த பைண்டர் ஒருவரோடு சேர்ந்து, ஒரு பழைய மெஷினை வாங்கிச் சொந்தமாக அச்சகம் போட வேண்டுமென்று ரொம்ப நாளாகத் திட்டம். அதை அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தார். அக்கா தம்பியிடம் சொன்னாள். "யார்கிட்டயும் மூச்சு விடாதடா" என்று சொல்லித்தான் சொன்னாள். அவனும் ஒரு பகல் பூராவும் மூச்சு விடாமல்தான் இருந்தான், பாவம். மறுநாள் யாருக்கோ சவரம் செய்துகொண்டிருக்கும்போது, "எங்க மாமா சீக்கிரமே முதலாளி ஆகப்போறாரு, தெரியுமா?" என்று தொடங்கி, மெஷின் எங்கே இருக்கிறது, எப்போது வருகிறது, யார் கூட்டாளி என்பதுவரை ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டான். பக்கத்து நாற்காலியில் முகத்தில் வெந்நீர்த் துண்டைப் போர்த்திக்கொண்டு சாய்ந்திருந்தவர் அந்த அச்சக முதலாளி. துண்டை மெல்ல விலக்கி, "அப்படியா? நல்ல சேதிதான்," என்றார். ரேடியோவின் கையில் இருந்த கத்தி அப்படியே நின்றுவிட்டது.

அடுத்த வாரமே மாமாவைப் பேப்பர் குடோனுக்குத் தூக்கி அடித்தார்கள். பைண்டர் பயந்துபோய்ப் பின்வாங்கினார். மெஷினை வேறு எவரோ கொண்டுபோனார்கள். "இனிமே அவன் பேச்சு என் காதுல விழக்கூடாது," என்று மாமா அக்காவிடம் சொன்னதோடு சரி. ரேடியோ மன்னிப்புக் கேட்கப் போனான். தலைவலி என்று மாமா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மறுபடி போனான். மறுபடியும் தலைவலி. மழை போய் வெயில் வந்து, திரும்ப மழையும் வந்தாச்சு, தலைவலி மட்டும் தீரவில்லை. மாமா முடிவெட்டிக்கொள்ள வேறு எங்கோ போக ஆரம்பித்தார். ஒரு பக்கக் கிருதா ஏறியும் மறுபக்கம் இறங்கியும் மாமா தெருவில் போவதைத் தூரத்திலிருந்து பார்க்கும்போதெல்லாம் ரேடியோவுக்கு வயிறு எரியும். எந்தக் கடன்காரன் வெட்டினானோ!

இனி அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புல்தரையில் பந்து உருட்டும் ஆட்டம் அது. ஜாக் என்று ஒரு சின்ன வெள்ளைப் பந்து. முதலில் அதை உருட்டிவிடுவார்கள். அப்புறம் ஆளுக்கு நாலு பெரிய பந்து. மாறி மாறி உருட்டி ஜாக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பந்து நேராகப் போகாது, வளைந்துதான் போகும், அப்படித்தான் செய்திருப்பார்கள். எல்லாம் உருட்டி முடித்தபின் யாருடையது கிட்டத்தில் இருக்கிறதோ அவருக்குப் புள்ளி, ஷாட் அவருடையது என்பார்கள். ஆட்டம் என்னவோ இத்தனூண்டுதான், அதற்கு இருக்கிற மரியாதைகள் இருக்கிறதே, அப்பப்பா! எதிராளி உருட்டும்போது அசையக்கூடாது. உன் நிழல் அவர் பாதையில் விழக்கூடாது. அவர் பந்து அழகாக வந்தால் வாய்விட்டுப் பாராட்ட வேண்டும், கோணலாகப் போனால் கைதட்டக்கூடாது. உன் பந்து குருட்டாம்போக்கில் போய் நின்றால் நீயே கையைத் தூக்கி ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்கும் மேலே ஒற்றைக்கு ஒற்றை ஆட்டத்தில் மார்க்கர் என்று ஒருவர். ஜாக் கிடக்கிற கோடியில் நிற்பார். பந்து ஜாக்கைத் தொட்டால் அதன் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். மற்றபடி அவர் மரம். ஆடப்போகிறவர் கேட்டால் பதில் சொல்லலாம். கேட்டதற்கு மட்டும். கேட்காததை ஒரு வார்த்தை சொன்னாலும், புருவத்தைத் தூக்கினாலும்கூட அது மற்றவருக்குச் செய்கிற துரோகம்.

அந்த வேலைக்கு ரேடியோவைப் போட்டார்கள் என்றால் சிரிப்பு வருமா வராதா? வழக்கமான மார்க்கருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. முறைப்படி பழகியவன் மிச்சம் இவன் ஒருத்தன்தான், அதுவும் நல்ல நாளில் மாமாவே கிளப்புக்குக் கூட்டிவந்து பழக்கியது. "மார்க்கர் ஒருத்தருக்கு உறவு. ரெண்டு பேருக்கும் சம்மதமா?" என்று கிளப் செயலாளர் கேட்டார். மாமாவின் எதிராளி மருந்துக்கடை அம்மா. "வாயைத் திறக்காம இருக்க முடியும்னா எனக்குச் சம்மதம்," என்று அவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. ரேடியோவின் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு, "யாரா இருந்தா என்ன," என்றார்.

மத்தியானம் அக்கா போன் செய்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, சமையலறையிலிருந்து.

"டேய், இந்தக் கப்பு மேல உசுரையே வச்சிருக்காருடா. குடோனுக்குப் போனப்புறம் மனுஷனுக்கு இது ஒண்ணுதான். ஜெயிச்சாருன்னா மனசு இளகும். நானே கையைப் பிடிச்சு உன் கடைக்குக் கூட்டிட்டு வர்றேன். நீ பாட்டுக்கு எதையாவது பண்ணித் தொலைச்சிடாத."

"நான் என்னக்கா பண்ணப்போறேன்? அங்க நான் பேசவே கூடாது."

"அதான்டா எனக்கு பயமே."

சாயங்காலம் வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், ஒரு பையில் சாக்பீஸ், மறுபையில் அளவு நாடா என்று ரேடியோ போய் நின்றான். நின்றான் என்று சொல்வது பேச்சுக்குத்தான். ஒரு காலில் நின்றான், மறுகாலுக்கு மாறினான். பேன்ட் பையில் கடைச் சாவி கிலுகிலுத்தது. அந்தக் கோடியில் பாய் மேல் நின்று உருட்டக் குனிந்த மாமா நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். ரேடியோவுக்குக் காது மடல் சிவந்துபோயிற்று. ஓடிப்போய்ச் சாவியைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு வந்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். விரல்கள் அங்கேயும் சும்மா இல்லை, ஒன்றை ஒன்று பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தன. நாக்கோ நமநமவென்று கிடந்து தவித்தது.

மருந்துக்கடை அம்மா அழகாக ஆடினார். சந்தேகம் வந்தால் கேட்டார்.

"மார்க்கர், என் பந்து ஜாக்குக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிம்மா."

"எவ்வளவு?"

"ஒரு சாண்."

அதோடு நிறுத்திக்கொள்ள ரேடியோ எச்சிலை விழுங்க வேண்டியிருந்தது. மாமாவின் பந்து நல்லபடியாக வந்தபோதெல்லாம் அந்த அம்மா மனசாரப் பாராட்டினார். மாமாவும் குறை வைக்கவில்லை. ஆனால் மாமா மார்க்கரை ஒன்றே ஒன்றுகூடக் கேட்கவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார், குத்துக்காலிட்டுப் பார்த்தார். ஆடுவதற்கு முன்னால் நடந்து வந்து பார்க்க அவருக்கு உரிமை உண்டு. வரவில்லை. வந்தால் ரேடியோவின் முகத்தில் முழிக்க வேண்டுமே! கேளுங்க மாமா, வாய்ல முத்தா உதிர்ந்துடும் என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டே ரேடியோ மரமாக நின்றான்.

கேட்காமலேயே மாமா சளைக்காமல் ஆடினார், அதையும் சொல்ல வேண்டும். இருபத்தொன்று எடுப்பவருக்குக் கப்பு. ஆளுக்கு இருபதில் வந்து நின்றது ஆட்டம். கடைசிச் சுற்று. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கோடியில் பாய்க்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள்.

அந்த அம்மாவின் முதல் பந்து எங்கேயோ ஓரமாகப் போய் அநாதையாக நின்றது. அடுத்த ரெண்டும் தரை ஓரத்துப் பள்ளத்தில் விழுந்து ஆட்டத்தைவிட்டே போயின. மாமாவின் முதல் ரெண்டும் பாதி வழியிலேயே தூங்கிவிட்டன. மூன்றாவது பந்து ஜாக்கை உரசாமல் தாண்டிப் போனது. போச்சு என்று மாமா தொடையில் அடித்துக்கொண்டு திரும்பிவிட்டார். அவர் திரும்பியபின் அந்தப் பந்து கடைசி மூச்சில் இன்னும் கொஞ்சம் வளைந்து ஜாக்குக்குப் பின்னால் வந்து நின்றதை ரேடியோ ஒருத்தன்தான் பார்த்தான். அடுத்தது அந்த அம்மாவின் கடைசிப் பந்து. என்ன பந்து அது! பாதையே போட்டு வைத்த மாதிரி வந்து ஜாக்கை டொக் என்று தொட்டு, தொட்ட இடத்திலேயே நின்றுவிட்டது. கூட்டம் கைதட்டியது. மாமாவும், "நல்ல பந்தும்மா," என்று கைதட்டினார். 

ஆனால் தொடப்பட்ட ஜாக் நிற்கவில்லை. மெல்ல உருண்டுகொண்டே பின்னால் போய் மாமாவின் மூன்றாவது பந்தை ஒட்டினாற்போல நின்றது. நடுவில் ரெண்டு விரல்கூட நுழையாது. அந்த அம்மாவின் பந்து ஒரு முழம் பின்தங்கிவிட்டது.  ஷாட் மாமாவுடையது. கப்பு மாமாவுடையது! மிச்சமிருக்கிற அந்த ஒரு பந்தை மாமா மெதுவாக எங்கேயாவது உருட்டிவிட்டால் போதும்.

பாய்க்கோடியிலிருந்து பார்த்தால் அதெல்லாம் தெரியாது. முன்னால் அந்த அம்மாவின் பந்து, அதற்குப் பின்னால் ஒரு துளி வெள்ளை, அவ்வளவுதான் தெரியும். போதாக்குறைக்கு ரேடியோ தன் கடமையைச் செய்தாக வேண்டும். ஜாக்கைத் தொட்ட பந்தாயிற்றே. குனிந்து அந்த அம்மாவின் பந்து மேல் சாக்பீஸால் கோடு போட்டான். கோடு கோணலாக விழுந்தது. மாமா அதையும் பார்த்தார். அவர் முகம் இறுகிப்போனது. ரெண்டடி பின்னால் போய் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்தார்.

ஐயோ என்றிருந்தது ரேடியோவுக்கு. மாமா கை துடைத்தால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். முழு பலத்தோடு அடிக்கப்போகிறார். அந்த அம்மாவின் பந்தைச் சிதறடிப்பதாக நினைத்துக்கொண்டு, தன் வாயில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ளப் போகிறார்.

கேளுங்க மாமா. ஒரே ஒரு வார்த்தை, ஷாட் யாருதுன்னு. கேட்டா உங்களுதுன்னு சொல்லிடுவேன். எதிரியா இருந்தாலும் கேக்கலாமே, மார்க்கரைக் கேக்கிறதுல என்ன கௌரவக் குறைச்சல்? ஒரு இருமல் இருமினால் போதும், மாமா நிமிர்ந்துவிடுவார். ஒரு விரலைத் தூக்கினால் போதும். சொல்லாவிட்டால், வேணும்னே விட்டுட்டான் பாவி என்றுதானே மாமா நினைப்பார்? அக்கா வந்து கையைப் பிடிப்பது இருக்கட்டும், இனி அக்காவின் போனும் வராது. ஆனால் சொல்லிவிட்டால் அந்த அம்மா யார்கிட்டப் போய் நியாயம் கேட்பார்? தப்பே செய்யாத மனுஷி, இவனை நம்பிச் சம்மதம் சொன்னவர். அப்புறம் காலத்துக்கும் அது மச்சினன் வாங்கிக் கொடுத்த கப்பு என்றுதான் பேர். மறுபடியும் இந்த வாய்தான் மாமாவைக் கெடுத்திருக்கும்.

அதற்குள் தொண்டையில் வார்த்தை ஏறிவிட்டது. மா என்று உதடு ஒட்டிக்கொண்டது, அது பிரிந்தால் போயிற்று. ரேடியோ கையிலிருந்த சாக்பீஸை அப்படியே வாய்க்குள் திணித்துப் பல்லால் இறுக்கிக் கடித்துக்கொண்டான்.

பாயில் ஏறிய மாமா ஒரு நொடி தயங்கினார். அவனிருந்த பக்கம் பார்த்தார். வாய் திறப்பது போலக்கூட இருந்தது.  பிறகு மாமா வாயை மூடிக்கொண்டார், குனிந்தார், வீசினார்.

தரையே அதிர்கிற மாதிரி வந்த பந்து அந்த அம்மாவின் பந்து மேல் மோதியது. அது பறந்து போய்ப் பின்னால் இருந்த மாமாவின் பந்தை அடித்தது. அடிபட்ட பந்து ஓரத்துப் பள்ளத்தில் போய் விழுந்தது. துள்ளிய ஜாக், ஓரமாக அநாதையாகக் கிடந்ததே அந்த அம்மாவின் முதல் பந்து, அதன் பக்கத்தில் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது.  ரேடியோ கையை நீட்டி அந்த அம்மாவின் பக்கம் காட்டினான். ஆட்டம் முடிந்தது.

இருவரும் நடந்து வந்தார்கள். அந்த அம்மா தரையைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். ஈரப் புல்லில் பந்துகள் நின்ற இடமும் ஓடிய தடமும் பளிச்சென்று தெரிந்தன. அவர் நெற்றி சுருங்கியது.

"மார்க்கர், இவர் அடிக்கிறதுக்கு முன்னாடி ஷாட் யாருது?"

கேட்டுவிட்டார். கேட்டால் சொல்ல வேண்டும். ரேடியோ வாயிலிருந்ததை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டான்.

"அவரோடது," என்றான்.

"எவ்வளவு கிட்ட?"

"ரெண்டு விரல்."

அந்த அம்மா மாமாவின் பக்கம் திரும்பினார். "எனக்கு இது மனசுக்கு ஒப்பலைங்க. ஜெயிச்சது நீங்கதான்."

மாமா பள்ளத்தில் கிடந்த தன் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தாடை ரெண்டு தரம் அசைந்தது. பிறகு கையை நீட்டினார். "அதெல்லாம் இல்லம்மா, கப்பு உங்களுதுதான். கேக்காதது என் கொழுப்பு. நல்லா ஆடுனீங்க."

ஆட்டம் முடிந்ததும் ரெண்டு பேரும் மார்க்கருக்கும் கை கொடுப்பது வழக்கம். அந்த அம்மா கொடுத்தார். மாமா கொடுப்பாரா என்று கிளப்பே கழுத்தை நீட்டிப் பார்த்தது. மாமா எங்கேயோ பார்த்தபடியே கையை நீட்டினார். பிடித்த கை எச்சிலும் சாக்பீஸ் பொடியுமாகப் பிசுபிசுக்கவும்தான் முகத்தைப் பார்த்தார். ரேடியோவின் உதடெல்லாம் வெள்ளை. பல்லெல்லாம் வெள்ளை. மோவாயில் எச்சிலோடு வெள்ளையாக வழிந்திருந்தது. மாமா மறுகையால் அவன் பொத்தியிருந்த விரல்களைப் பிரித்தார். பல் தடம் பதிந்த பாதிச் சாக்பீஸ் இருந்தது. மீதி எங்கே போயிற்று என்று கேட்கவா வேண்டும்?

மாமா தன் கைக்குட்டையை எடுத்து அவன் கையில் வைத்தார். "வாயைத் துடை," என்றார். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அது கோபமா, பாசமா, ஒன்றும் புரியவில்லை. ரேடியோ தவியாய்த் தவித்தான். அக்காவுக்குப் போன் போட்டால், "ஒண்ணும் சொல்லலடா, சும்மா உக்காந்திருக்காரு," என்று வைத்துவிட்டாள். கைக்குட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, கடை மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தான். வாசலில் யார் நிழல் விழுந்தாலும் கை நின்றது. தையல்காரரின் சவரத்தில் ரெண்டு இடத்தில் ரத்தம் பார்த்துவிட்டான். வாய் மட்டும் திறக்கவே இல்லை. "டாக்டர்கிட்டக் காட்டுப்பா," என்று தையல்காரர் நிஜமாகவே கவலைப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடையில் ஆள் நிறைந்திருந்த நேரத்தில் மாமா உள்ளே வந்தார். காலியாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.  தையல்காரர் பேப்பரை விரித்து அதற்குமேல் கண்ணை மட்டும் வைத்துக்கொண்டார். ரேடியோ துணியைப் போர்த்தி, கழுத்தில் முடிச்சுப் போட்டு, சீப்பை எடுத்தான். ஏறியும் இறங்கியும் கிடந்த அந்தக் கிருதாவைச் சமம் பண்ண ஆரம்பித்தான். ஒரு பக்கம் முடிந்தது. இத்தனை மாதமாகச் சேர்ந்து கிடந்த சேதியெல்லாம் தொண்டையில் முட்டி மோதிக்கொண்டு நின்றன. அவன் விடவில்லை. 

கண்ணை மூடியிருந்த மாமா மூடியபடியே கேட்டார். "ஏன்டா, கேட்டாத்தான் பேசுவியா?"

"ஆமா மாமா."

"சரி, கேக்கிறேன். பேசு."

"என்ன மாமா பேச?"

"எதையாவது. குழாய் உடைஞ்சதைச் சொல்லு. எவன் எவனோட சண்டைன்னு சொல்லு."

ரேடியோ வாயைத் திறந்தான். ஒரு சத்தமும் வரவில்லை. மறுபடி திறந்தான். கண்ணிலிருந்துதான் பொலபொலவென்று கொட்டியது. கத்திரிக்கோல் மாமாவின் காதுப் பக்கத்தில் கிடுகிடுவென்று ஆடியது.

"பேட்டரி தீர்ந்துபோச்சு போல," என்றார் தையல்காரர். 

"அழுது முடிச்சுட்டு வெட்டுடா," என்றார் மாமா. "காது ரெண்டும் பத்திரமா இருக்கட்டும். நீ பேசுறதைக் கேக்கணும்."